துருப்பிடித்த சைக்கிளை எடைக்குப் போடுவதற்கு முன்...



நமதூரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும், மாடிப்படிக்குக் கீழேயோ கொல்லைச் சுவரை ஒட்டியோ ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். சில வீடுகளில் அது வாப்பாவோ பாட்டனாரோ கடைக்குப் போய்வந்த 28 அங்குல கறுப்பு சைக்கிள். பல வீடுகளில் அது 11-ஆம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி. பிள்ளை பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போனதும் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. இரண்டு மழைக்காலம் நனைந்து, இப்போது பெடல் சுற்றவில்லை, சீட் இறங்கவில்லை, செயின் கம்பி போல விறைத்து நிற்கிறது.

அதே நேரத்தில், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நம் அறக்கட்டளைக்கு வரும் கோரிக்கைகளில் சைக்கிளும் ஒன்று. பள்ளிக்கும் டியூஷனுக்கும் நடந்தே போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய் விற்றுப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் சும்மா நிற்கும் சைக்கிள், மறு பக்கம் சைக்கிள் இல்லாத பிள்ளை. இந்த இரண்டுக்கும் நடுவில் தடையாக நிற்பது பெரும்பாலும் துருப்பிடித்து இறுகிப்போன நான்கைந்து இணைப்புகள்தான். "துரு ஏறிடுச்சு, இனிமே தேறாது" என்று எடைக்குப் போட்டுவிடுகிறோம். அல்லது ஒரே மூச்சில் பலத்தைக் காட்டி, தேறக்கூடிய பாகத்தையும் உடைத்துவிடுகிறோம்.

இறுகிய பாகம் பலத்துக்கு அசைவதை விட, எண்ணெய்க்கும் நேரத்துக்கும் சரியான திசைக்கும்தான் அதிகமாக அசையும். இதை வீட்டிலேயே எப்படிச் செய்வது, எந்த இடத்தில் கையை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போவது என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

ஏன் இறுகுகிறது?

இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன், ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. அதோடு உப்பும் சேர்ந்தால் வேகம் கூடுகிறது. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் மழை பெய்யாத நாளிலும் உப்புக்காற்று இந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இரும்பு துருவாக மாறும்போது, முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருக்கும் முடியளவு இடைவெளியில் துரு உப்பி நிரம்பிவிடுவதால்தான் நட்டு நகர மறுக்கிறது. ஆகவே நமக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் துருவை உடைத்து, அதற்குள் எண்ணெய் புகுவதற்கு வழி செய்வது. திருகுவது அதற்குப் பிறகுதான்.

எல்லா இறுக்கமும் துருவால் வருவதில்லை. பல வருடம் நின்ற சைக்கிளில் கிரீஸ் காய்ந்து மெழுகு போலாகிவிடும். பிரீவீல், ஹப், பெடல் ஆகியவற்றின் உள்ளே பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. இது சுலபமாகக் கரையும். மூன்றாவது வகை, அலுமினியமும் இரும்பும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் கிடப்பது. புதிய மாடல்களில் இரும்பு பிரேமுக்குள் அலுமினிய சீட் கம்பி இருந்தால் இது நடக்கும். மூன்றிலும் கடினமானது இதுதான்.

பழையது என்பதால் வீண் என்று நினைக்க வேண்டாம்

சென்னை அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. 1951-இல் சோனிபட்டில் அட்லஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ என்று நம் நாட்டுத் தொழிற்சாலைகள் தொடர்ந்து வந்தன. இவை செய்த கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளின் அமைப்பு பல பத்தாண்டுகளாக அதிகம் மாறவில்லை. ஆகவே பழைய சைக்கிளுக்கும் காட்டர் பின், பால்ஸ், கோன், செயின், பிரேக் கட்டை போன்ற உதிரி பாகங்கள் சாதாரண சைக்கிள் கடையிலேயே கிடைக்கின்றன. பிரேமும் ஃபோர்க்கும் நல்ல நிலையில் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் வேண்டியவை

சரியான அளவு ஸ்பேனர்கள் (முடிந்தால் ரிங் ஸ்பேனர்), நடுத்தர எடையுள்ள சுத்தியல், ஒரு மரக்கட்டை, ஒரு அடி நீளமுள்ள இரும்புப் பைப் துண்டு, கம்பி பிரஷ், பழைய டூத் பிரஷ், பழைய துணி, கிரீஸ், ஊறவைக்க ஒரு எண்ணெய். இவ்வளவுதான்.

ஸ்பேனர் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அளவு சரியில்லாத ஸ்பேனரும் லூசான அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் நட்டின் முனைகளைத் தேய்த்து உருண்டையாக்கிவிடும். அதற்குப் பிறகு எந்த எண்ணெயாலும் பயனில்லை. அக்கம்பக்கத்தில் மெக்கானிக் வேலை தெரிந்தவர் இருந்தால், ஒருநாள் இரவல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எந்த எண்ணெய்?

துருவுக்குள் புகும் எண்ணெய் தண்ணீர் போல மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய எண்ணெய்தான் நூலிழை போன்ற இடைவெளியிலும் தானாக ஏறிப் பரவும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இப்படித்தான். கடைகளில் ஸ்பிரே டப்பாவாகக் கிடைக்கும் டபிள்யூ.டி.40 போன்றவை இதற்கு உதவும். அது கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயுடன் கொஞ்சம் என்ஜின் ஆயில் கலந்து பயன்படுத்தலாம். மண்ணெண்ணெய் இல்லாத வீட்டில் டீசல் போதும்.

தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். சமையல் எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் இருக்கும் வீடுகளில் அதைப் பிறகு செயினுக்கும் பிரேக் மூட்டுகளுக்கும் விடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் எந்த வேலைக்கும் வேண்டாம். அது நொடியில் தீப்பிடிக்கும்.

கழற்றி எடுத்த சிறு நட்டு, போல்ட், வாஷர்களை ஓர் இரவு வினிகரில் போட்டு வைத்தால் துரு கரையும். காலையில் பிரஷால் தேய்த்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, நன்றாகத் துடைத்துக் காயவைத்து உடனே எண்ணெய் பூச வேண்டும். இல்லாவிட்டால் மதியத்துக்குள் மறுபடியும் துரு ஏறும். செயினையும் பால்ஸையும் வினிகரில் போடக் கூடாது. அமிலம் அந்தக் கடினமான எஃகைக் கெடுத்துவிடும்.

எல்லாப் பாகத்துக்கும் பொதுவான ஐந்து வழிமுறைகள்

முதலாவது, சுத்தம். எண்ணெய் விடுவதற்கு முன் கம்பி பிரஷால் மண்ணையும் மேல்துருவையும் தேய்த்து எடுங்கள். மண்ணின் மேல் ஊற்றும் எண்ணெயை மண்தான் குடிக்கும்.

இரண்டாவது, நேரம். எண்ணெய் விட்டு ஐந்து நிமிடத்தில் திருகிப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. மாலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை விடுங்கள். மிகவும் இறுகியிருந்தால் இரண்டு மூன்று நாட்கள் ஆகட்டும். சைக்கிள் ஏற்கெனவே இரண்டு வருடம் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு நாளில் ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்றாவது, தட்டுதல். எண்ணெய் விட்ட பிறகு நட்டின் பக்கங்களில் சுத்தியலால் மெதுவாகப் பல தடவை தட்டுங்கள். அந்த அதிர்வில் துருவில் மயிரிழை வெடிப்புகள் விழும். அதன் வழியே எண்ணெய் இறங்கும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இங்கே அப்படியே பொருந்தும். ஓங்கி ஒரே அடியாக அடித்தால் மரைதான் நசுங்கும்.

நான்காவது, முன்னும் பின்னும். நட்டைக் கழற்றும் முன், இறுக்கும் பக்கமாக ஒரு துளி திருகுங்கள். துருவின் பிடி அந்தச் சிறு அசைவிலேயே விட்டுவிடும். அசைந்ததும் உற்சாகத்தில் ஒரே சுற்றாகச் சுற்றிவிடாதீர்கள். கால் சுற்று கழற்றி, பாதி திரும்ப இறுக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றுங்கள். உடைந்த துருத்தூள் மரையிலிருந்து வெளியேற இது வழி செய்யும்.

ஐந்தாவது, திசை. பொதுவாக நட்டு கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் கழலும். சைக்கிளில் இதற்கு இரண்டு முக்கியமான விலக்குகள் உண்டு. அவற்றைக் கீழே சொல்கிறோம். திசை தெரியாமல் செலுத்தும் பலம் எல்லாம் இறுக்குவதற்குத்தான் போய்ச் சேரும்.

பெடல்

வலது பெடல் சாதாரண மரை. இடது பெடல் இடது மரை. அதாவது இடது பெடல் கடிகார முள் போகும் திசையில் திருகினால்தான் கழலும். இதை ஞாபகம் வைக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. பெடலின் அச்சில், கிராங்கை ஒட்டிய இடத்தில் ஸ்பேனரை மாட்டி, அதன் கைப்பிடி மேலே நோக்கி நிற்கும்படி வையுங்கள். எந்தப் பக்கத்துப் பெடலானாலும், கைப்பிடியைச் சைக்கிளின் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும். முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும்.

பெரும்பாலான பெடல்களுக்கு 15 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். கிராங்கின் உள்பக்கத்திலும் பெடல் மரையின் முனை தெரியும். அங்கேயும் எண்ணெய் விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் விட்டால் பாதி மரைக்குத்தான் போகும். தள்ளும்போது கை வழுக்கி செயின் சக்கரத்தின் பல்லில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செயினைக் கழற்றாமல் அதன் மேல் ஒரு துணியைச் சுற்றிவிட்டு வேலை செய்வது நல்லது.

காட்டர் பின்

பழைய சைக்கிளில் கிராங்கை அச்சோடு பிடித்து நிறுத்துவது காட்டர் பின். ஒரு பக்கம் தட்டையாகச் சரிந்த சிறு ஆணி அது. அதிகமாகக் கெட்டுப்போவதும் இதுதான்.

முதலில் நட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று இரண்டு கிராங்கையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பின்களும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் மாட்டப்பட்டிருக்கும். மாற்றிப் போட்டால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

ஓரிரவு எண்ணெயில் ஊறிய பிறகு நட்டைக் கழற்றுங்கள். முழுவதும் எடுத்துவிடாமல், பின்னின் முனையும் நட்டின் மேல்பரப்பும் சமமாக இருக்கும்படி விட்டு நிறுத்துங்கள். அப்போதுதான் அடிக்கும்போது மரை நசுங்காது. நட்டு மேலே பார்க்கும்படி கிராங்கைத் திருப்பி, கிராங்கின் கீழே பைப் துண்டை நேராக நிறுத்துங்கள். பின்னின் தடித்த அடிப்பகுதி பைப்பின் ஓட்டைக்குள் இறங்க வேண்டும். பைப்பின் விளிம்பு கிராங்கைத் தாங்க வேண்டும். பைப் தரையில் உறுதியாக நிற்கட்டும். உயரம் போதாவிட்டால் அதன் அடியில் கட்டையோ கல்லோ வையுங்கள்.

இப்படித் தாங்கு கொடுக்காமல் அடித்தால், அந்த அடி முழுவதும் உள்ளே இருக்கும் பால்ஸிலும் கப்பிலும் போய் இறங்கும். பின் வெளியே வராது, அச்சு கெடும். தாங்கு கொடுத்த பிறகு நேராக, உறுதியாக ஓர் அடி. வராவிட்டால் எண்ணெய் விட்டு மறுநாள் பாருங்கள். பின் வளையத் தொடங்கினால் அதோடு நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கே துளைபோட்டு எடுப்பார்கள்.

கழற்றிய பின்னை மறுபடி போட வேண்டாம். புதிது மிகக் குறைந்த விலைதான். பழையதைக் கையில் கொண்டுபோய் அதே பருமன், அதே சரிவு பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது சுத்தியலால் தட்டி உட்கார வைத்த பிறகுதான் நட்டை இறுக்க வேண்டும். நட்டைத் திருகியே பின்னை இழுக்கக் கூடாது. சில நாள் ஓட்டிய பிறகு ஒருமுறை மறுபடி தட்டி இறுக்குங்கள்.

அச்சின் செயின் பக்கத்துக் கப்பும் இடது மரைதான். இது நாம் முன்பு சொன்ன இரண்டாவது விலக்கு. சுத்தம் செய்வதற்கும் புதிய பால்ஸ் போடுவதற்கும் அந்தக் கப்பைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. எதிர்ப் பக்கத்துக் கப்பைக் கழற்றினாலே அச்சு வெளியே வந்துவிடும்.

ஹேண்டில் பாரும் சீட் கம்பியும்

ஹேண்டில் பாரின் தண்டுக்குள் ஒரு நீண்ட போல்ட் இருக்கிறது. அதன் அடியில் ஆப்பு போன்ற ஒரு துண்டு ஃபோர்க் குழாயை இறுக்கிப் பிடித்திருக்கிறது. மேலே இருக்கும் போல்ட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்துங்கள். அதன் தலைமேல் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினால், போல்ட் கீழே இறங்கி ஆப்பு விடுபடும். போல்ட்டைத் தளர்த்தியும் ஹேண்டில் திரும்பவில்லை என்று பலர் மல்லுக்கட்டுவது இந்த ஒரு தட்டு தெரியாததால்தான். பிறகு முன்சக்கரத்தை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை இடமும் வலமுமாக அசையுங்கள்.

சீட் கம்பிக்கு, முதலில் பிடிப்பு போல்ட்டை முழுவதும் கழற்றிவிடுங்கள். கம்பியைச் சுற்றி எண்ணெய் விட்டு, சீட்டைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்புங்கள். மேலே இழுக்காதீர்கள். திருப்பும்போதுதான் துருவின் பிடி உடையும். அசையாவிட்டால், அச்சைக் கழற்றியிருக்கும் நேரத்தில் சைக்கிளைத் தலைகீழாக வைத்து, அச்சுக் குழாய் வழியே சீட் குழாய்க்குள் எண்ணெய் விடுங்கள். இரவு முழுவதும் அப்படியே இருக்கட்டும். துரு இருக்கும் இடத்துக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்தும் எண்ணெய் போய்ச் சேரும்.

அலுமினியக் கம்பியாக இருந்தால் சூடு காட்டுவது பயன்படாது. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிடச் சுமார் இரு மடங்கு விரியும். அப்போது கம்பி இன்னும் இறுகும். அதற்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றி ஐஸ் வைத்துக் குளிரவிட்டால் கம்பி சுருங்கும். உடனே திருப்பிப் பாருங்கள்.

திரும்ப மாட்டும்போது ஹேண்டில் தண்டும் சீட் கம்பியும் குறைந்தது இரண்டரை அங்குலமாவது குழாய்க்குள் இருக்க வேண்டும். பிள்ளை உயரமாகிவிட்டான் என்று அளவுக்கு மேல் தூக்கிவிட்டால், ஓடும்போது கம்பி முறியலாம்.

பிரீவீலும் செயினும்

மிதித்தால் பெடல் மட்டும் சுற்றுகிறது, சக்கரம் ஓடவில்லை. அல்லது சக்கரத்தோடு சேர்ந்து பெடலும் நிற்காமல் சுற்றுகிறது. இரண்டும் பிரீவீல் கோளாறுதான். அதற்குள் இருக்கும் சிறு நாக்குகள் காய்ந்த கிரீஸில் ஒட்டிக்கொண்டு விரியவோ மடியவோ மாட்டாமல் நிற்கின்றன. பிரீவீலைக் கழற்ற வேண்டியதில்லை. சைக்கிளைப் படுக்க வைத்து, சுற்றும் பாகத்துக்கும் சுற்றாத பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிக்கொண்டே இருங்கள். கறுப்பாக அழுக்கு வடியும். தெளிவாக வரும்வரை விட்டு, துடைத்து, சில சொட்டு என்ஜின் ஆயில் விடுங்கள். 'டிக் டிக்' சத்தம் சீராக வந்தால் நாக்குகள் வேலை செய்கின்றன.

செயினின் லாக்கைக் கழற்றி ஒரு பழைய தட்டில் மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவிடுங்கள். பிரஷால் தேய்த்து, விறைத்த கண்ணிகளை விரலால் இரு பக்கமும் மடக்கி விடுங்கள். பிறகு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள பின்னின் நடுவரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 12 அங்குலத்துக்கு மேல் எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். லாக்கைத் திரும்பப் போடும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது மாட்டிக் கழன்றுவிடும்.

பிரேக், போக்ஸ் கம்பி, ரிம்

கம்பி பிரேக்கின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அசைத்துக் கொடுத்தால் போதும். ஒயர் பிரேக்காக இருந்து உறைக்குள் ஒயர் துருப்பிடித்திருந்தால், அதை விடுவிக்க முயல வேண்டாம். புதிய ஒயரும் உறையும் வாங்கிப் போடுங்கள். துருப்பிடித்த ஒயர் அவசரத்தில் அழுத்தும்போதுதான் அறும்.

போக்ஸ் கம்பியின் நிப்பிளில் எண்ணெய் விட்டு ஒருநாள் விடுங்கள். சாவி வைத்துத் திருப்பும்போது கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள். கம்பி முறியப் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

ரிம், ஹேண்டில் ஆகியவற்றின் பளபளப்பு மேல் படிந்த துருவுக்கு, உணவுப் பொட்டலத்துக்குப் பயன்படும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். குரோமைவிட அலுமினியம் மென்மையானது என்பதால் கீறல் விழாது. ரிம்மில் பிரேக் கட்டை படும் இடத்தில் எண்ணெய், கிரீஸ் எதுவும் இருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள்.

எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்?

மூன்று நாள் எண்ணெய், தட்டுதல், சரியான திசை எல்லாம் செய்தும் அசையவில்லை என்றால், ஸ்பேனரில் பைப்பை மாட்டி நெம்பி உடைக்க வேண்டாம். சைக்கிள் கடையில் வைஸ் இருக்கிறது, பிரீவீல் கழற்றும் கருவி இருக்கிறது, அனுபவமுள்ள கை இருக்கிறது. நட்டைச் சூடாக்கி எடுப்பதும் அவர்கள் வேலைதான். எண்ணெய் ஊறிய பாகத்தில் வீட்டில் தீ காட்டுவது ஆபத்து. டயரும் பெயின்ட்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. மூன்று நாள் எண்ணெயில் ஊறிய சைக்கிளைக் கொண்டுபோனால் அவருக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் கூலி குறையும். பதறாத காரியம் சிதறாது.

மண்ணெண்ணெய் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. அதைத் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். சிறு பிள்ளைகள் தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தி எடுக்கும்போது மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐ அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். வேலையை வெளியில், காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் பீடி சிகரெட்டுக்கும் தூரமாகச் செய்யுங்கள். எண்ணெய்த் துணிகளையும் வீட்டுக்குள் போட்டு வைக்காதீர்கள்.

பிறருக்குக் கொடுக்கும் முன்

சீர்செய்த சைக்கிளை ஒரு பிள்ளைக்குக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் நம் பிள்ளையை ஏற்றி அனுப்பத் தயங்கும் சைக்கிளை, தர்மம் என்ற பெயரில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஃபோர்க்கின் மேல்பகுதி, அச்சுக் குழாயைச் சுற்றிய இணைப்புகள், சீட் குழாய் ஆகிய மூன்று இடங்களையும் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். மேல்துரு மட்டும் என்றால் பயமில்லை. ஓட்டையோ வெடிப்போ இருந்தால், கூரான ஆணியால் குத்தும்போது செதிலாக உதிர்ந்தால், அந்தப் பிரேம் முடிந்தது. அதற்கு வெல்டிங் வைத்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். நல்ல பாகங்களைக் கழற்றிக்கொண்டு மீதியை எடைக்குப் போடுங்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பாருங்கள். பிறகு பின் பிரேக்கை மட்டும். இரண்டும் தனித்தனியாகச் சக்கரத்தை நிறுத்த வேண்டும். முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே பிடித்து ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். நழுவக் கூடாது. இரண்டு சக்கரத்தின் நட்டுகளும் இறுகியிருக்கின்றனவா, கிராங்க் ஆடுகிறதா, டயரின் ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெல்லும் பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருக்கட்டும். மஃரிபுக்குப் பிறகு டியூஷன் முடிந்து வரும் பிள்ளைக்கு அது அவசியம்.

மறுபடி துரு ஏறாமல் இருக்க

கழற்றிய ஒவ்வொரு மரையிலும், சீட் கம்பியிலும், ஹேண்டில் தண்டிலும் மெல்லியதாகக் கிரீஸ் பூசிவிட்டு மாட்டுங்கள். அடுத்த முறை கழற்றுபவர் உங்களுக்கு நன்றி சொல்வார். உப்புக்காற்று படும் வீடுகளில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். மாதம் ஒருமுறை செயினில் எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே ஈரம் தங்கும். கூரைக்குக் கீழே காற்று படும்படி நிறுத்துவதே மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, சும்மா நிறுத்தி வைக்காமல் யாராவது ஓட்டட்டும். ஓடுகிற சைக்கிள் இறுகுவதில்லை.

பள்ளி விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பார்க்க வேண்டாம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த பிள்ளை வழியில் செயின் கழன்றால் திகைத்து நிற்காது. இந்த வாரமே உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிற்கும் சைக்கிளின் ஒவ்வொரு நட்டிலும் எண்ணெய் விட்டு வையுங்கள். உங்களுக்கே பயன்படட்டும். தேவையில்லை என்றால், சீர்செய்த பிறகு தேவைப்படும் ஒரு பிள்ளையிடம் போய்ச் சேரட்டும். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாதவர்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் அது ஒரு பிள்ளையின் கையில் இருக்க, இன்ஷா அல்லாஹ், நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.